தலைக்குள் நடப்பது என்ன?



பிறந்த குழந்தை அழவில்லை, மூச்சு வரவில்லை என்றால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "தலையெழுத்து" என்கிறார்கள். அந்தத் தலைக்குள் நடப்பது என்னவென்று யோசித்தோமா?

பிராணவாயு கிடைக்காத மூளை முழுவதும் ஒரே நொடியில் அழிந்துவிடுவதில்லை. மூச்சு திரும்பிய பிறகும் பல மணி நேரம், சில நாள் வரையில்கூட, நாசம் மெள்ள மெள்ள நடக்கிறது. குளுட்டமேட் என்னும் பொருள் அளவுமீறிச் சுரந்து மூளை அணுக்களின் வாசலைத் திறந்துவிடுகிறது. சுண்ணச்சத்து உள்ளே பாய்ந்து அவற்றைக் கொல்லுகிறது. அந்த வாசலை அடைக்க வழியுண்டா என்பதே கேள்வி.

1898-ல் லண்டனில் ராம்சே, டிராவர்ஸ் என்னும் இருவர் செனான் என்ற வாயுவைக் கண்டார்கள். காற்றில் அது ஒரு கோடியில் ஒரு பங்குகூட இல்லை. எதனோடும் லேசில் சேராததால் மந்த வாயு என்றார்கள். ஆனால் 1951-ல் அமெரிக்காவில் அதுவே மனிதருக்கு மயக்க மருந்தாயிற்று. நாம் சொன்ன அந்த வாசலை அது அடைக்கிறதென்று 1998-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள்.

2010-ல் பிரிஸ்டல் நகரில், மூச்சுத் தடைப்பட்டுப் பிறந்த ஒரு குழந்தைக்கு உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையோடு செனானும் கொடுத்தார்கள். குழந்தை பிழைத்தது. நாமாயிருந்தால் அற்புதம் என்று அன்றே தமுக்கடித்திருப்போம்!

அவர்களோ 92 குழந்தைகளைச் சீட்டுப்போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் குளிர்ச்சி மட்டும், மறுபாதிக்குச் செனானும் சேர்த்துக் கொடுத்து ஒப்பிட்டார்கள். கூடுதல் நன்மை தெரியவில்லை. 2016-ல் அதை அச்சிட்டே ஒப்புக்கொண்டார்கள். அதே ஆண்டில் பின்லாந்தில், இருதயம் நின்று மீண்ட 110 பேரைச் சோதித்த முடிவும் வந்தது. செனான் பெற்றவர்களுக்கு மூளைச் சேதம் குறைந்திருந்தது. பிழைத்தவர் தொகையிலோ உறுதியான வித்தியாசம் இல்லை.

குளிர்ச்சியின் கதையையும் கேளுங்கள். மேல்நாடுகளில் அது சோதனையில் தேறிய சிகிச்சை. இந்தியா, இலங்கை, வங்காளதேசத்தில் 408 குழந்தைகளிடம் சோதித்து 2021-ல் வெளியிட்டபோதோ, குளிர்வித்தவர்களிடம் மரணம் கூடியிருந்தது. மேல்நாட்டான் சொன்னான் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தால் எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்திருப்போம்?

"தோற்ற கதையை ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்பீர்கள். தோற்றதைத் தோற்றது என்று சொல்லுகிறவனிடந்தான் நாளைக்கு நம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கலாம். தலையெழுத்து என்றவன் எதையாவது சோதித்ததுண்டா? யோசித்துப் பாருங்கள்.