நாவல் கட்டிய குளியலறை

நாவல் விற்ற காசில் என்ன செய்யலாம்? ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் குளியலறை கட்டினார்!

1919-ல் அவரும் கணவர் லியனார்டும் இங்கிலாந்தின் ராட்மெல் கிராமத்தில் ஒரு பழைய வீட்டை 700 பவுண்டுக்கு ஏலத்தில் எடுத்தார்கள். கரண்ட் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, கழிப்பறை தோட்டத்தில். லண்டன் போனால் நண்பர்களோடு வாசிப்பு, அரட்டை. இங்கே வந்தால் மழைக்கு வெள்ளம் புகும் சமையலறை!

1925-ல் அவருடைய 'மிஸஸ் டாலவே' நாவல் வந்தது. மறு வருஷமே வெந்நீர், குளியலறை. எழுத்துக்கு இப்படியும் ஒரு பலன் உண்டு, பாருங்கள்.

குளிக்கும்போது, இரவில் எழுதிய வாக்கியங்களை அவர் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பார். கீழே அடுப்படியில் புதிதாகச் சேர்ந்த சமையல்காரம்மா, மாடியில் ரெண்டு மூணு பேர் இருக்கிறார்கள் என்றே நினைத்தாராம்!