இரண்டு நாழிகையும் ஏலமலையும்

(விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பாயசம் இறக்கும் நேரத்தில் ஏலக்காய் தட்டிப் போடாத சமணர் இல்லம் அரிது. கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்கிய அடுக்களையில் ஏலத்திற்குத் தடையில்லை. ஆயினும் அக்காயின் பிறப்பைச் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும். தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் ஏலப்பூ நன்கு காய் பிடிக்கும். செடியின் அடித்தூரிலிருந்து கிளம்பும் சரம் தரையோடு படர்ந்து கிடப்பதால், காய் எடுக்கும் பெண்கள் பகல் முழுதும் குனிந்தும் குந்தியுமே எடுக்கின்றனர். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்து 1 கிலோவாகத் தேறுகிறது. தேனை விலக்கித் தேனீயின்பால் அருள் காட்டிய இல்லம், அத்தேனீக்கும் அப்பெண்களின் முதுகுக்கும் ஒருசேரக் கடன்பட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இத்தகைய கடன்களை உணரச் செய்யும் பயிற்சி ஒன்றை ஆன்றோர் வகுத்துள்ளனர். அதுவே சாமாயிகம்.

சாமாயிகத்தின் அளவு இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம். சமந்தபத்திரர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டகமும், அதனைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும், இல்லறத்தார்க்குரிய சிட்சை விரதங்கள் நான்கனுள் இதனையும் ஒன்றாக வைக்கின்றன. அந்நேரத்தில் அமைந்திருக்கும் இல்லறத்தான், பிறரால் ஆடை போர்த்தப்பெற்ற முனிவனை ஒப்பான் என்பது சமந்தபத்திரர் கருத்து. அவ்வமைதியில் எண்ணத்தக்கவை எவை? தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி நான்கு பாவனைகளைக் கூறுகிறார். எல்லா உயிர்களிடத்தும் நட்பு, குணத்தால் உயர்ந்தோரைக் கண்டு மகிழ்ச்சி, துன்புறுவோர்பால் இரக்கம், நெறி தவறி நடப்போர்பால் நடுநிலை என்பன அவை.

இந்நான்கும் ஏட்டில் எளியன. நிலத்தில் எத்தன்மையன என்பதை அறியப் போடிநாயக்கனூரை ஓர் உரைகல்லாகக் கொள்ளலாம். ஏலமே ஏலம் போகும் ஊர் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு ஏறினால், பூப்பாறை, சாந்தன்பாறை என ஏலத்தோட்டங்கள் தொடங்குகின்றன. பொழுது புலருமுன்பே சோற்றுத் தூக்குடன் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஜீப்புகளில் ஏறும் தோட்டத் தொழிலாளர், இருட்டும் வேளையில் இல்லம் திரும்புகின்றனர். அளவுக்கு மிஞ்சி ஆள் ஏற்றிய ஜீப்புகள் கவிழ்ந்து உயிர்கள் போனதுண்டு.

எல்லா உயிர்களிடத்தும் நட்பு என்று கண்மூடிச் சொல்வது எளிது. எல்லாம் என்னும் சொல்லுக்கு முகம் இல்லை. அந்த ஜீப்பின் பின்படியில் தொற்றி நிற்கும் பெண்ணுக்கு முகம் உண்டு. அவளை எண்ணும்போதே நட்பு என்னும் பாவனை தொடங்குகிறது.

மகிழ்ச்சிக்கும் அம்மலைநாட்டில் இடமுண்டு. போடிக்குத் தெற்கே உத்தமபாளையத்தில், கருப்பண்ணசாமி கோயிலை அடுத்த பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக அமைந்துள்ளன. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துகளில் அச்சணந்தியின் பெயர் காணப்படுகிறது. வள்ளிமலை, ஆனைமலை, அழகர்மலை, ஐவர்மலை ஆகிய இடங்களிலும் அதே பெயர் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மலைமலையாக நடந்து அருகன் உருவம் செய்வித்த அம்முனிவரை நினைத்தல் மகிழ்ச்சிப் பாவனையாம். இன்று தமிழ்ச் சமணர் பெரும்பாலும் வடமாவட்டங்களில் வாழ்கின்றனர். உத்தமபாளையத்துப் பாறையைக் கருப்பண்ணசாமியை வணங்க வரும் மக்களும் கண்டு செல்கின்றனர். வேறு தெய்வத்தின் அருகே நின்றும் அத்திருவுருவங்கள் நிலைத்திருப்பது மகிழ்தற்குரிய மற்றொன்று.

மூன்றாவது இரக்கம். 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. பெரும்பாலோர் இளம் வயதினர், பெண்கள் பலர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலையில் தீ எனக் கேட்டதும் முதலில் ஓடி ஏறியோர் குரங்கணிப் பகுதி மக்களே. மேலே சிக்கியவர்கள் சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் வந்தவர்கள். ஏறியவர்க்கு உறவினர் அல்லர். அவர்கள் பெயரையோ சாதியையோ சமயத்தையோ கேட்டறிய நேரமும் இல்லை. தீப்புண் பட்டவர்களைத் தோளில் சுமந்து அவர்கள் இறக்கினர். இரண்டு நாழிகை கண்மூடி அமர்ந்து அடைய வேண்டிய நிலையை அம்மக்கள் நொடிப்பொழுதில் அடைந்தனர். அங்ஙனமாயின் சாமாயிகம் எதற்கு என்னும் ஐயம் எழலாம். ஓலம் காதில் விழுந்தால் இரக்கம் தானே எழும். ஓலமிடாமல் துன்புறுவோரே உலகில் மிகுதி. அவர்தம் துன்பத்தைக் கேட்கும் செவியைப் பழக்குவதற்கே அமைதி வேண்டப்படுகிறது.

நான்காவது நடுநிலை, நான்கிலும் கடினமானது இதுவே. ஓர் அவலம் நிகழ்ந்தவுடன் மனம் குற்றவாளியைத் தேடுகிறது. ஆள் மிகுதியாக ஏற்றிய ஓட்டுநரையும், தோட்டத்தில் வரம்பின்றிப் பூச்சிமருந்து தெளிப்பவரையும் வெறுப்பது எளிது. நடுநிலை குற்றத்தைக் குற்றமன்று எனக் கூறாது. சட்டம் தன் கடமையைச் செய்யட்டும். வெறுப்பு மட்டும் உள்ளே குடியேறாதிருக்கட்டும் என்பதே அதன் பொருள்.

இவற்றைத் தனியே இருந்தும் எண்ணலாம். கூடி அமர்வது ஏன்? தனிமையில் மனம் தனக்கு இனியோரை மட்டும் தேர்ந்து அன்பு செலுத்தும். ஜினாலய மண்டபத்தில் அத்தேர்வுக்கு இடமில்லை. வரப்புத் தகராற்றில் ஈராண்டாகப் பேசாதிருப்பவர் பக்கத்துப் பாயில் அமர்ந்திருப்பார். பாகப்பிரிவினையில் மனம் கசந்த தம்பி எதிர் வரிசையில் இருப்பார். தேனீக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் நலம் வேண்டிய நெஞ்சு அவர் முன்னே தயங்கும். அத்தயக்கத்தை அறிவதே கூட்டுத் தியானத்தின் பயன். தொலைவில் உள்ளோர்க்கு இரங்குவது பாதி அறம். அருகில் உள்ளாரைப் பொறுத்துக்கொள்வது மறுபாதி. இருவர் மூச்சும் ஒரே மண்டபத்தில் இரண்டு நாழிகை அமைதியாக ஓடியபின், எழுந்து நலம் உசாவுவது முன்னிலும் எளிதாகும்.

எழுந்தபின் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. சாமாயிகத்தை வைத்த அதே சிட்சை விரத வரிசையில், சமந்தபத்திரர் வையாவிருத்தியம் என்னும் தொண்டினையும் வைத்துள்ளார். நோன்பு நோற்போர்க்கும் துறவியர்க்கும் செய்யும் பணிவிடையே அதன் முதற்பொருள். எனினும் இரண்டும் ஒரே வரிசையில் நிற்பதில் ஒரு குறிப்பு உண்டு: அமர்தலும் உதவுதலும் ஒரே பயிற்சியின் இரு படிகள். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வன என்பதும் உமாசுவாமி கூறிய உண்மையே.

ஆகவே, இவ்விழா முடிந்து இல்லம் திரும்புவோர் சிறிய பழக்கம் ஒன்றைக் கைக்கொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள் குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே அமர்க. நான்கு பாவனைகளுக்கும் நான்கு மனிதரைப் பெயர் சொல்லி நினைக்க. நான்காமவர் மனத்திற்கு இனியவராக இராமை முக்கியம். எழுந்தபின் அந்நால்வருள் ஒருவர்க்கேனும் ஒரு சொல்லாலோ செயலாலோ நன்மை செய்க. மறுமுறை அடுக்களையில் ஏலக்காயை நசுக்கும்போது, அதன் மணத்தோடு அந்தப் பெண்ணும் தேனீயும் நினைவுக்கு வந்தால், இரண்டு நாழிகை வீண் போகவில்லை என்று கொள்ளலாம்.

அறம் வெல்க. அனைத்துயிரும் இனிது வாழ்க.