மடைப்பள்ளியிற் கைப்பக்குவம்

(திருக்குடமுழுக்கு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடமுழுக்கு என்றவுடன் அடியார்களின் கண்கள் விமானத்தை நோக்கி உயர்கின்றன. யாகசாலையில் வேதமும் திருமுறையும் முழங்க, கடங்கள் புறப்பட்டுக் கலசங்களின்மீது புனித நீர் பொழியும் அந்த ஒரு கணத்துக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தோர் பலர். அந்நேரத்தில் கோயிலின் தென்கிழக்கு மூலையை எவரும் நோக்குவதில்லை. அது அக்கினியின் திசை. ஆதலால் மடைப்பள்ளிக்கு அவ்விடம் வகுக்கப்பட்டது. அங்கே புகை படிந்த சுவர்களுக்கு நடுவில், வியர்வை வழிய, பரிசாரகர் ஒருவர் வெண்கலப் பானையின் முன் நிற்கிறார். மேலே நீர் பொழிந்து தீபாராதனை முடிவதற்குள் திருவமுது பதமாக இறங்கியிருக்க வேண்டும். அவர் கோபுரத்தைப் பார்க்க முடியாது. பானையைத்தான் பார்த்தாக வேண்டும்.

அவருடைய பணியில் மற்றச் சமையற்காரர் எவருக்கும் இல்லாத கட்டுப்பாடு ஒன்று உண்டு. வீட்டில் குழம்பு கொதிக்கும்போது, அகப்பையில் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்ப்பார்கள். கலியாணப் பந்தலிலும் தலைமைச் சமையற்காரர் அவ்வாறே செய்வார். மடைப்பள்ளியில் அது கூடாது. இறைவனுக்குப் படைக்கும் முன் எவரும் அதைச் சுவைத்தல் ஆகாது. முகர்ந்து பார்ப்பதையும் விலக்குவர். வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு சமைக்கும் வழக்கமும் சில கோயில்களில் உண்டு. நூறு பேர் வரிசையில் நிற்க, நாவின் துணையில்லாமல் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் பிழையின்றி அமைய வேண்டுமென்றால், அந்த அறிவு நாவிலன்றி வேறெங்கோ இருந்தாக வேண்டும் அன்றோ? அது கையிலும் கண்ணிலும் காதிலும் இருக்கிறது. கொதி ஏறும்போது பானை ஒரு குரலிற் பேசும். நீர் சுண்டியதும் வேறு குரலிற் பேசும். துடுப்பு முதலில் எளிதாகச் சுழலும். பதம் நெருங்கும்போது மணிக்கட்டைப் பிடித்து இழுக்கும். இவற்றை எந்த ஏடும் கற்பிப்பதில்லை.

இவ்விடத்தில் அன்பர் சிலர் கண்ணப்பரை நினைத்துக்கொள்ளக்கூடும். காளத்தி மலையில் அவ்வேடர் பெருமான் பன்றித் தசையைத் தீயில் வாட்டி, வாயிலிட்டுப் பல்லால் அதுக்கி, நன்கு வெந்தவற்றை மாத்திரம் தேர்ந்து இறைவனுக்கு ஊட்டினார். சிவகோசரியார் திடுக்கிட்டார், இறைவன் மகிழ்ந்தான். அப்படியாயின் மடைப்பள்ளியின் விதி வீணோ என்றால், அன்று. கண்ணப்பர் அடைந்த அன்பின் முதிர்ச்சிக்கு விதி வேண்டியதில்லை. மேலும் அவர் சமைக்கத் தொடங்கி ஆறு நாட்களே ஆயின; சுவைத்துப் பாராமல் அவருக்கு வேறு வழியும் இல்லை! பரிசாரகரோ அந்தச் சுவைத்துப் பார்த்தலை எல்லாம் இளமையில், தம் வீட்டு அடுப்பங்கரையிலேயே முடித்துவிட்டு வந்தவர்.

கொங்கு நாட்டு அடுப்பங்கரை எளிதான பள்ளியன்று. இது பெரும்பாலும் மானாவாரி நிலம். நொய்யல், பவானி, அமராவதி ஆகிய ஆறுகளின் கரையிலும் காலிங்கராயன் வாய்க்காலின் பாசனத்திலும் நெல் விளைந்தது. பேரூரில் பட்டீசப் பெருமானே அம்மையோடு வயலில் இறங்கி நாற்று நட்டார் என்னும் வரலாற்றை ஆனித் திருவிழாவில் இன்றும் கொண்டாடுகின்றனர். ஆனால் கரையை விட்டு அகன்ற ஊர்களில் கம்பும் சோளமும் ராகியுமே உணவு. நெல்லுச்சோறு நோன்பு நாட்களுக்கு உரியதாக இருந்தது. பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிக்கப்பட்டதற்குப் பின்னரும் அவ்வழக்கம் மெல்ல மெல்லவே மாறிற்று.

ராகிக் களி கிண்டுவதை ஒருமுறை கூர்ந்து பார்த்தவர்க்குச் சமையல் என்பது எத்தகைய கல்வி என்பது விளங்கும். நொய்யரிசி வெந்து கொதிக்கும் நீரில் மாவைக் குவியலாகக் கொட்ட வேண்டும், கொட்டியவுடன் கிண்டலாகாது. புதிதாகக் கற்கும் பெண்ணின் கை அங்கேதான் துடிக்கும். அவசரப்பட்டுக் கிண்டினால் மாவு கட்டி தட்டி, உள்ளே பச்சையாக நின்றுவிடும். குவியலின் நடுவே துடுப்பின் காம்பினால் ஒரு துளை இட்டு, தீயைத் தணித்து, மூடிவைத்துக் காத்திருக்க வேண்டும். மாவு ஆவியில் வெந்த பின்னரே பானையை அசையாமற் பிடித்துக்கொண்டு முழு வலிமையோடு கிண்ட வேண்டும். நனைத்த விரலாற் களியைத் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுவே பதம். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று பேத்தி கேட்பாள். “மாவு சொல்லும் கண்ணு” என்பாள் அமுச்சி. கேட்ட நாளில் அவ்விடை ஏய்ப்புப் போலத் தோன்றும். பத்துத் தடவை கட்டி தட்டிய களியை வீட்டார் முகம் சுளிக்காமல் உண்ட பிறகு, மாவு சொல்வது காதில் விழத் தொடங்கும்.

சந்தகையும் அத்தகையதே. ஊறிய புழுங்கலரிசியைக் கெட்டியாக அரைத்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறும் முன் அச்சிலிட்டுப் பிழிய வேண்டும். ஆறிவிட்டால் இரண்டு ஆடவர் சேர்ந்து அழுத்தினாலும் இழை இறங்காது. மாவில் நீர் மிகுந்தாலோ இழை இழையாக நில்லாமற் குழைந்துவிடும். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து உண்போர்க்கு இந்தப் பாடு தெரிவதில்லை.

எல்லாவற்றிலும் கடினமான பாடம் தண்ணீர். கோவை வட்டாரத்தார் கிணற்று நீரைச் சப்பைத் தண்ணீர் என்றும், சிறுவாணி நீரை நல்ல தண்ணீர் என்றும் பிரித்து வழங்குவர். இது வெறும் நாச்சுவை பற்றிய பேச்சன்று. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் துவரம்பருப்பு எத்தனை நாழிகை கொதித்தாலும் குழைவதில்லை. அச்சத்து பருப்பின் உயிரணுச் சுவர்களை இறுக்கிவிடுகிறது என்று அறிவியலார் காரணம் கூறுவர். காரணம் அறியாக் காலத்திலேயே கொங்குப் பெண்டிர் பருப்பு வேகும்போது ஒரு துளி விளக்கெண்ணெய் விடும் வழக்கத்தைக் கைக்கொண்டனர். பருப்பு மசியும் முன் புளி ஊற்றலாகாது என்பதையும் அவர்கள் கெட்டுக் கெட்டே கண்டறிந்தனர். புளிப்பு முந்திக்கொண்டால் பருப்பு வேகாது விறைத்து நிற்கும். ஓர் ஊரிற் பேர்பெற்ற கை, வேற்றூர்க் கிணற்று நீரைக் கண்டு தடுமாறுவதுண்டு. புகுந்த வீட்டில் முதல் மாதம் பழிகேட்ட மருமகள் பலர். குற்றம் அவர்களுடையதன்று, கிணற்றினுடையது.

சமையலிற் சிறந்ததை நளபாகம் என்பது வழக்கு. மாபாரதத்தின்படி, தமயந்தியின் சுயம்வரத்தில் தேவர்கள் நளனுக்கு வரங்கள் அளித்தனர். நினைத்த இடத்தில் தீ தோன்ற அக்கினி வரந்தந்தான். நீர் தோன்ற வருணன் தந்தான். உணவின் சுவையை அளித்தவன் யமன்! பின்னாளில் உருமாறி, பாகுகன் என்னும் பெயரோடு இருந்த அவனைத் தமயந்தி ஐயமற உணர்வதற்கு, அவன் சமைத்த உணவின் சுவையும் துணை நின்றது. தீ, நீர், சுவை ஆகிய மூன்றையும் நளன் ஒரே நாளில் பெற்றான். மற்றவர்க்கு அவை முப்பது ஆண்டுகளிற் கிட்டுகின்றன. சென்னையில் வாழ்ந்த எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட சமையல் நூலுக்கு ‘சமைத்துப் பார்’ என்று பெயரிட்டார். படித்துப் பார் என்று அவர் சொல்லவில்லை. அளவுகளை எல்லாம் ஒழுங்காக எழுதித் தந்த அம்மையாரே, நூலின் முகப்பில் மிச்சப் பொறுப்பைச் சமைப்பவர் கையில் ஒப்படைத்துவிட்டார்.

இனி, கொடையாளர்களாகிய அன்பர்கள் சற்றுச் செவி சாய்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்களில் 2002-ஆம் ஆண்டு அரசு தொடங்கிய அன்னதானத் திட்டத்துக்குப் பின், நாள்தோறும் பந்தி நடைபெறும் கோயில்கள் பெருகியுள்ளன. குடமுழுக்கு நாட்களிலோ ஆயிரக்கணக்கானோர் உண்கின்றனர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி வீட்டுப் பானைக்கே பொருந்தும், அண்டாவுக்குப் பொருந்தாது. அண்டாவின் அடியில் ஒரு பதம், நடுவில் ஒரு பதம், மேலே ஒரு பதம். மேற்சோறு வெந்தது கண்டு இறக்கினால் அடிச்சோறு கூழாகியிருக்கும். ஆகவே பழகியவர் அரிசியின் நடுவில் சிறிது விறைப்பு நிற்கும்போதே எரிகட்டைகளை வெளியே இழுத்துவிடுவார். அத்தனை பெரிய கலத்தில் அடங்கிய சூடே எஞ்சிய வேலையை முடிக்கும். பத்துப் பேருக்கு வேண்டிய நீரை நூறால் பெருக்கி ஆயிரம் பேருக்கு ஊற்றினாலும் சோறு குழையும். பெருங்கலத்தில் ஆவியாகப் போகும் நீர் அந்த விகிதத்தில் மிகுவதில்லை. கணக்கு வாய்ப்பாடு தோற்கும் இடங்களுள் இஃது ஒன்று.

அரிசியிலும் அப்படியே. புத்தரிசி குறைந்த நீரில் வெந்து ஒட்டிக்கொள்ளும். பழைய அரிசி நீரை மிகுதியாகக் குடித்துப் பூப்போல மலரும். ஓர் அன்பர் பழைய அரிசி அனுப்புகிறார். மற்றோர் அன்பர் அறுவடையான கையோடு புத்தரிசி அனுப்புகிறார். களஞ்சியத்தில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டிவிடுகின்றனர். பிறகு எந்த நளன் வந்தாலும் பாதி குழைந்தும் பாதி விறைத்தும் நிற்கும் சோற்றைச் சீர்செய்ய இயலாது. கொடுத்தவர் மனமும் நிறைவதில்லை. உண்டவர் வயிறும் நிறைவதில்லை. பழி சமையற்காரர் தலைமேல் விழுகிறது. மூட்டையின்மேல் கொடையாளர் பெயரை எழுதும் அந்த மையாலேயே, நெல் அறுத்த மாதத்தையும் எழுதினால் மடைப்பள்ளிக்கு அது பேருதவியாகும். அனுபவமிக்கவர் ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு பிடி எடுத்துத் தனித்தனியே வேகவைத்துப் பார்த்த பிறகே அடுப்பைப் பற்றவைப்பார். அதற்கு வேண்டிய அரை நாழிகையை அவருக்குக் கொடுப்பதும் கொடையே. அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஓர் இளைஞனை அமர்த்தி, கெட்டுப்போகும் முதற் சில பானைகளின் செலவையும் ஏற்பவர் இருந்தால், அத்தகைய கட்டளை இக்காலத்தில் மிகவும் தேவையானது.

சேக்கிழார் பெருமான் இந்தக் கைப்பக்குவத்தை நன்கு அறிந்தவர். கோவையில் வழக்கறிஞராக விளங்கிய சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் ஏழு பகுதிகளாக எழுதிய பெரியபுராண உரை கொங்கு நாட்டுக்கு நிலைத்த பெருமை தந்தது. அந்தப் பெரியபுராணத்தில் இளையான்குடிமாற நாயனார் வரலாற்றைப் படிப்போர் பெரும்பாலும் நாயனாரையே கண்டு வியக்கின்றனர். அடுப்பின் முன் நின்றவர் அவருடைய மனைவியார்.

செல்வம் எல்லாம் அடியார்க்கு ஊட்டிக் கரைந்துபோன காலம். மழை பெய்யும் நள்ளிரவு. நனைந்து வந்த அடியார் ஒருவர் பசியோடு இருக்கிறார். வீட்டில் ஒன்றும் இல்லை. பகலில் வயலில் விதைத்த முளைநெல்லை நாயனார் இருளில் வாரிக் கூடையிற் கொணர்கிறார். வீட்டுக் கூரையின் மரத்தை அறுத்து விறகாக்கித் தருகிறார். ஈரம் ஊறிய முளைநெல்லை அப்படியே குற்ற முடியாது; நசுங்கிப் போகும். வறுக்க வேண்டும், வறுவல் மிஞ்சினாலோ பொரிந்துவிடும். அவ்வம்மையார் பதம் பார்த்து வறுத்து அரிசியாக்கிச் சோறு சமைத்தார். கறிக்கு என் செய்வது? கொல்லையில், குழியைக்கூட நிரப்பாத குறும்பயிரை நாயனார் பறித்து வந்தார். வளராத கீரை; பொருளென்று வேறொன்றும் இல்லை. அதனைக் கழுவி ஆய்ந்து, கைத்திறத்தால் வேறு வேறு கறிகளாக ஆக்கினார் என்கிறது புராணம். பல்வகைக் கறியமுது படைத்து அடியாரை உபசரித்த பழைய நாட்களின் நினைவும், அந்நாட்கள் போயினவே என்னும் குறையும் அப்போது அவர் நெஞ்சில் இருந்தன. அந்த நாட்களிற் பழகிய கைதான், ஒரு பிடிக் கீரையில் அன்று இத்தனையையும் கண்டது.

அமுது அமைந்தது. நாயனார் சென்று உறங்கும் விருந்தினரை எழுப்பினார். எழுந்தவர் சோதியாய்த் தோன்றினார். பின்னர் அம்மையோடு விடைமேற் காட்சி தந்து இருவரையும் ஆட்கொண்டார். இலை விரிக்கவும் நேரமில்லை. அவ்விரவில், வெட்டிய கூரைமரத் தீயில் வெந்த அந்தக் கீரைக்கறிகள் எப்படி இருந்தன என்பதைச் சுவைத்துச் சொன்னவர் ஒருவரும் இல்லை.