குழு நம்மளோடது, பேச்சு யாரோடது?

நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "தருமபுரி பக்கம் புத்தகம் படிக்கிறவங்களுக்கு ஆன்லைன்ல ஒரு சின்ன குழு தொடங்கணும். எந்த ஆப் நல்லது?"

அரூர், பென்னாகரம், பாலக்கோடுன்னு ஆளுக்கொரு ஊர்ல இருக்கிறவங்க வாராவாரம் நேர்ல கூடறது கஷ்டம்தான். ஆன்லைன் நல்ல வழி. ஆனா ஆப்பைத் தேடுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கணும்: நாளைக்கு அந்த ஆப்பை மூடிட்டா, நாம பேசினது எங்க இருக்கும்?

இது நடந்த கதை. 2000-களின் தொடக்கத்தில் தமிழ் வாசகர்கள் நிறைய பேர் கூடிய இடம் யாகூ குரூப்ஸ். மரத்தடி, ராயர் காபி கிளப் மாதிரி குழுக்கள். திஸ்கி எழுத்துருவை இறக்கி, தமிழில் தட்டச்சு செய்யப் பழகி, கதை, விமர்சனம், சண்டை எல்லாமே மடல்லயே நடந்தது. 2019 அக்டோபரில் யாகூ அறிவிச்சது: இனி புதுசா எதையும் ஏத்த முடியாது, பழசையும் அழிக்கப் போறோம். 2020 டிசம்பர் 15-ல் சேவையையே மூடிட்டாங்க. யாராவது பிரதி எடுத்து வச்சிருந்தா, அதுதான் மிச்சம்.

மதுரைத் திட்டத்தைப் பாருங்க. 1998 பொங்கலன்று தொடங்கினது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செஞ்சாங்க. யார் வேணும்னாலும் இறக்கி வச்சுக்கலாம். திஸ்கியில இருந்ததைப் பின்னாடி யூனிகோடுக்கு மாத்தவும் முடிஞ்சது. ஏன்னா கோப்புகள் அவங்க கையில இருந்தது.

நம்ம ஊருக்கே இதுல ஒரு பழைய கணக்கு இருக்கு. தருமபுரிதான் அந்தக் காலத்துத் தகடூர். அதியமான் மேல சேரன் படையெடுத்த போரைப் பாடின 'தகடூர் யாத்திரை' முழுசா கிடைக்கல. புறத்திரட்டு தொகுத்தவரும் உரையாசிரியர்களும் எடுத்து வச்ச பாடல்களாலதான் அதைப் பத்தி நமக்குக் கொஞ்சமாவது தெரியுது.

அதனால வாட்ஸ்அப்பே போதும், தப்பில்ல. மாசம் ஒரு தடவை உரையாடலை எக்ஸ்போர்ட் பண்ணுங்க. யூனிகோட்ல சாதாரண டெக்ஸ்ட் கோப்பா, ரெண்டு பேர்கிட்ட தனித்தனியா இருக்கட்டும். அட்மினும் ரெண்டு பேர் வேணும். ஒருத்தருக்கு வேலை மாறும், கல்யாணம் ஆகும், சலிப்பு வரும். சொந்த டொமைன் வாங்கினா, எப்ப புதுப்பிக்கணும்னு ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருக்கணும்.

ஆனா எல்லாத்தையும் சேமிக்கவும் கூடாது. சின்ன குழுங்கறதாலதான் ஒருத்தர் ஒரு நாவலைப் பத்திச் சொல்லும்போதே அம்மா இறந்த துக்கத்தையும் சொல்றார். அது பத்துப் பேரை நம்பிச் சொன்னது. புதுசா வர்றவங்களுக்குக் காட்டணும்னா எழுதினவரைக் கேளுங்க, போன் நம்பரை எடுத்துடுங்க. வேண்டாம்னு சொன்னா அழிச்சிடுங்க.

யாகூ அழிச்சப்ப யாரையும் கேட்கல. நம்ம குழுவுல எதை வைக்கணும், எதை அழிக்கணும்னு அதுல பேசினவங்களே முடிவு பண்ணட்டும். தனிக் குழுன்னு சொல்லிக்கிறதுக்கு அதைவிட வேற அர்த்தம் எனக்குத் தெரியல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.