உரிமைப் பாடம் வாசற்படியோடு நிற்கலாமா?

(மனித உரிமை நாளையொட்டி நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டிசம்பர் 10 வந்தால் பள்ளிகளில் உறுதிமொழி எடுக்கிறோம். 1948-இல் ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். தேர்விலும் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். அன்று மாலை வீடு திரும்பினால் அண்ணன் சாப்பிட்ட தட்டைத் தங்கை கழுவுகிறாள். மாதவிலக்கு நாட்களில் அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், திண்ணையோரம் ஒரு பாய். பகலெல்லாம் வகுப்பறை எழுதியதை வீடு ஒரே மாலையில் அழித்துவிடுகிறது. இதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

உரிமை, உரிமை என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவார்கள், முதலில் கடமையைச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார்கள் சிலர். கேட்கிறேன், பதினைந்து வயதுப் பெண்ணுக்கா கடமை தெரியாது? விடிவதற்குள் குடத்தோடு குழாயடியில் நிற்பவள் அவள். தம்பியைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புபவள் அவள். அவளைக் கேட்காமலே மாமன் வீட்டில் பேசி முடித்துவிட்டு, தாம்பூலம் மாற்றும் நாளில் புடவையைக் கையில் கொடுக்கிறோமே, அங்கே கடமை தவறியது யார்? பதினெட்டு வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் நடத்தி வைப்பவருக்கு ஈராண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 1098 என்ற எண்ணை அழைத்தால் உதவி கிடைக்கும். அந்த எண்ணை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியையிடம், எங்கள் வீட்டு விஷயத்தில் ஏன் தலையிடுகிறீர்கள் என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. ஒரு பிள்ளையின் வாழ்க்கை வீட்டு விஷயம் மட்டும் அல்ல, ஐயா!

சொத்து விஷயத்துக்கு வருவோம். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணைப்போல் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டுகள் ஆயின. 2005-இல் மத்திய அரசும் சட்டத்தைத் திருத்தியது. இத்தனையும் நடந்த பிறகு நாம் என்ன செய்கிறோம்? நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று என்று சொல்லி, மகளைப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். பக்கத்தில் நின்று அதைப் பார்ப்பவன் யார்? பத்தாம் வகுப்பு படிக்கும் அவளுடைய தம்பி. அக்காவின் பங்கும் தனக்குத்தான் என்று அன்றைக்கு அவன் படிக்கும் பாடத்தை எந்த ஆசிரியர் மாற்ற முடியும்?

இனி வீட்டைவிட்டுத் தெருவுக்கு வாருங்கள். 2022 செப்டம்பரில், தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாங்குளத்தில், பட்டியல் சாதிப் பிள்ளைகள் தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனார்கள். ஊர்க் கட்டுப்பாடு, இனி உங்களுக்குக் கொடுக்க மாட்டோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்பினார். அதைப் படம் பிடித்துப் பரப்பியும் விட்டார்கள். கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள். கடைக்குள் நுழைவதைச் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்று அரசமைப்பின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. தீண்டாமையை 17-ஆவது பிரிவு ஒழித்துவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளைகள் முதன்முதலாகக் கற்றது அரசமைப்பை அல்ல, கட்டுப்பாட்டை. மிட்டாய்க்காகக் காசை நீட்டிய கையோடு கற்றார்கள்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரி. பட்டியல் சாதி மாணவன் ஒருவனை அவனுடைய வீட்டுக்குள் புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் ரவுடிகள் அல்ல, அவனோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள்! நாடே பதறியது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். மாணவர்கள் கையில் சாதி காட்டும் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பது அதில் ஒரு பரிந்துரை.

நல்ல பரிந்துரை, வரவேற்கிறேன். ஆனால் பெற்றோர்களே, பள்ளி வாசலில் ஆசிரியர் அந்தக் கயிற்றை அறுக்கலாம்; அதைக் கட்டிவிட்டது யார்? கோயில் கொடையில் நம் சித்தப்பாவும் பெரியப்பாவும் கட்டிவிட்டார்கள். சாதித் தலைவர் படம் போட்ட பனியனை நாம்தான் வாங்கிக் கொடுத்தோம். 'அவனோட சேராதே' என்று சோறு போடும்போது சொன்னது நாம்தான். பதினாறு வயதுப் பையன் அரிவாளோடு பிறக்கவில்லை. அவனுக்கு அதை எடுத்துக் கொடுத்த பெரியவர்களின் பெயர் எந்த முதல் தகவல் அறிக்கையிலும் வராது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்திருக்கிறது. 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்' என்று பெற்றோரே சொன்னாலும் நீங்கள் பிரம்பை எடுக்கக் கூடாது. அடி வாங்கும் வகுப்பில் உரிமைப் பாடம் நடத்த முடியாது.

பள்ளியில் உரிமைப் பாடம் நடத்த முடியுமா என்று சந்தேகப்படுவோருக்குச் சொல்கிறேன். மதுரையிலிருந்து மக்கள் கண்காணிப்பகம் என்ற அமைப்பு 1997-இலேயே பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைத் தொடங்கியது. வழி இருக்கிறது. வீட்டுக் கதவைத்தான் நாம் திறக்கவில்லை.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். இன்றிரவு உங்கள் மகன் தன் தட்டைத் தானே கழுவட்டும். மகளிடம் கேட்காமல் அவளுடைய திருமணப் பேச்சை எடுக்காதீர்கள். ஜனவரி 26 கிராம சபைக்குப் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். டீக்கடையில் ஏன் இரண்டு குவளை, சுடுகாட்டுக்கு ஏன் பாதை இல்லை, எந்தத் தெருவுக்குத் தண்ணீர் கடைசியாக வருகிறது என்று அவர்கள் எழுதித் தரட்டும். அவர்களுக்கு இன்னும் வாக்குரிமை இல்லை. நீங்கள் எழுந்து நின்று, அந்தக் கேள்விகளை உங்கள் பெயரில் கேளுங்கள்.