கழுதைக்கு 50 கிலோ, ஆளுக்கு 55 கிலோ

இன்றைக்குத் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, நெய்யாற்றின்கரையை ஒட்டிய அதியன்னூர்ப் பக்கம் போகலாம். நெய்யாற்றின்கரை என்றதுமே கிருஷ்ணசாமி கோயிலும், மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்த அம்மச்சிப் பலாவும், நாராயண குரு 1888இல் சிவனைப் பிரதிஷ்டை செய்த அருவிப்புறமும் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். பாறசாலை என்றால் மகாதேவர் கோயில். அவற்றைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாலராமபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று தெற்கே இறங்குகிற பழைய சாலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரே பெட்டிக்கடையில் தமிழும் மலையாளமும் மாறி மாறிக் கேட்கும் சாலை அது. திருவிதாங்கூர் காலத்துப் பாதைகளின் ஓரத்தில் மூன்று கல் வேலைகளைப் பார்க்கலாம். ஆள் இளைப்பாற வழியம்பலம், மாடு தண்ணீர் குடிக்கக் கல்தொட்டி, சுமையை வைக்கச் சுமைதாங்கி. எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். இரண்டு தூண்களின் மேல் குறுக்கே ஒரு கல், அவ்வளவுதான். தலைச்சுமையோடு தனியே வருகிறவர் சுமையைத் தரையில் இறக்கிவிட்டால், மறுபடி தூக்கிவிட இன்னொருவர் வேண்டும். இந்தக் கல்லின் மேல் அப்படியே நகர்த்தி வைத்துவிட்டால், மூச்சு வாங்கிக்கொண்டு, யார் தயவும் இல்லாமல் மறுபடி தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கர்ப்பிணியாகவே இறந்துபோன பெண்களின் நினைவாக இதை நட்டுவைக்கும் வழக்கமும் நம் பக்கத்தில் உண்டு.

இந்தக் கல்லைச் சொன்னதும் பேச்சு தென் அமெரிக்கா வரைக்கும் போகப் போகிறது, கொஞ்சம் கூடவே வாருங்கள். ஆண்டிஸ் மலையில் லாமா என்று ஒரு விலங்கு இருக்கிறது. ஒட்டகத்துக்குச் சொந்தம், ஆனால் திமில் கிடையாது. சக்கர வண்டியே இல்லாத இன்கா அரசு, தன் மலைப்பாதைகளில் பொதியை லாமாக்களின் மேல் ஏற்றியது. இன்று அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் லாமா வளர்ப்பவர்கள் வாரக் கடைசியில் கூடி, அதன் மேல் பொதி கட்டவும், அதோடு நடந்து மலையில் கூடாரம் போட்டுத் தங்கவும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்டால் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று தோன்றும். அங்கே சொல்லித்தரும் பாடங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. முகக்கயிறு கட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். லாமா பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும். மூக்கின் மேல் வரும் பட்டை கண்ணுக்குப் பக்கத்தில், எலும்பின் மேல் இருக்க வேண்டும். இரண்டு விரற்கடை கீழே இறங்கினாலும் மெல்லிய குருத்தெலும்பை அழுத்தி மூச்சை அடைக்கும். அடுத்தது எடை. முதுகின் இரு பக்கமும் தொங்கும் பைகளைத் தனித்தனியே தூக்குத் தராசில் நிறுத்துச் சமன் செய்வார்கள். ஒரு பக்கம் கனத்தால் சேணம் சரிந்து தோல் உரிந்துவிடும். மொத்தச் சுமை விலங்கின் எடையில் கால் பங்கை ஒட்டி நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் லாமா படுத்துக்கொள்ளும். நான்கு வயது ஆகும் முன் முழுச் சுமை கிடையாது. ஆக, கற்றுக்கொள்ள வருகிறவர் செய்கிற வேலை, தன் சாமான்களில் எதை விட்டுவிட்டுப் போவது என்று முடிவெடுப்பதுதான். சுமக்கிற உடம்பு அளவைச் சொல்கிறது, பயணம் அதற்கு அடங்கி நடக்கிறது.

நம் சாலையில் இது தலைகீழாக இருந்தது என்பதுதான் நான் சொல்ல வந்தது. பொதிமாடுகள் இங்கே இருந்தன. ஆனால் அரசுக்கும் கோயிலுக்கும், ஊட்டுப்புரை என்ற இலவசச் சாப்பாட்டுக் கூடத்துக்கும் வேண்டிய சாமான்களை ஊழியம் என்ற பெயரில், கூலியில்லாமல், ஒடுக்கப்பட்ட சாதியார் தலையில் ஏற்றினார்கள். 19ஆம் நூற்றாண்டில் படிப்படியாகத்தான் அந்த முறை ஒழிந்தது. இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத வெங்ஙானூரில் 1893இல், அந்த ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரான அய்யங்காளி தலைப்பாகை கட்டி, மணி கட்டிய காளைகள் பூட்டிய வில்வண்டியில் ஏறி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். வழிநடக்கும் உரிமைக்கான போராட்டமாக அதைப் படிக்கிறோம், சரிதான். அதில் இன்னொன்றும் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சுமையாகவே பார்க்கப்பட்ட உடம்பு அன்று காளையின் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. யார் சுமப்பது, எவ்வளவு சுமப்பது, எந்த விலங்கைத் துணைக்கு வைத்துக்கொள்வது என்பதெல்லாம் இந்த மண்ணில் உரிமைக் கேள்விகள். பொதி கட்டும் கலையை வெறும் பழம்பொருளாக ஒதுக்குவது அதனால் எனக்குச் சம்மதமில்லை.

இப்போது இரண்டு சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொதி விலங்குகளை வதைக்காமல் இருக்க இந்திய அரசு 1965இல் விதிகள் செய்தது. கழுதைக்கு 50 கிலோ, மட்டக்குதிரைக்கு 70, சிறிய காளைக்கு 100, கோவேறு கழுதைக்கு 200. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடைவிடாமல் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் ஊரில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வேலையே கூடாது. கேரளத்தில் 1978இல் சுமை தூக்குவோருக்கான சுமட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒரு தொழிலாளி சுமக்கக்கூடிய உச்ச எடை நெடுங்காலம் 75 கிலோவாக இருந்து, அண்மையில்தான் 55 ஆனது, பெண்களுக்கு 35. அதாவது மட்டக்குதிரையின் முதுகுக்கு அனுமதித்ததைவிட அதிகமான எடை மனிதத் தலைக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. இன்றும் கழுதையைவிட ஆளுக்கு ஐந்து கிலோ கூடுதல். தொழிலாளிக்குச் சங்கம் உண்டு, கூலி உண்டு, மாட்டேன் என்று சொல்லும் வாயும் உண்டு என்று நீங்கள் மறுக்கலாம். மறுக்க முடியாத நியாயம்தான். அந்தச் சங்கங்கள் இல்லாவிட்டால் 55 என்ற எண்ணே வந்திருக்காது. ஆனால் கழுத்தெலும்புக்குச் சங்கம் தெரியாது. எண்ணைச் சட்டத்தில் எழுதியாயிற்று, அந்த லாமா முகாம்களைப் போல அதைக் கைக்கும் கண்ணுக்கும் பழக்கும் இடம் நம்மிடம் எங்கே இருக்கிறது?

எல்லா ஊருக்கும் சாலை வந்துவிட்டது, மினி லாரி வந்துவிட்டது, இந்தப் பழக்கம் இனி யாருக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். கருங்குளம், பூவார் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாமார்களைப் பாருங்கள். துணியை முறுக்கி வளையமாக்கி, அந்தச் சும்மாட்டின் மேல் மீன் பாத்திரத்தை ஏற்றி இன்றும் தெருத்தெருவாக நடக்கிறார்கள். மீன் கூடையோடு பேருந்தில் ஏறுவது அவர்களுக்குப் பெரும்பாடாக இருந்ததால்தான் 2021இல் திருவனந்தபுரத்தில் சமுத்ரா என்று தனிப் பேருந்தே இலவசமாக விட வேண்டியிருந்தது. கொடைக்கானல் சரிவில் இருக்கும் வெள்ளகவி ஊருக்கு அரிசியும் உப்பும் குதிரை முதுகில் போயின. தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு எந்திரங்களையே கழுதைகள்தான் சுமந்து போயிருக்கின்றன. லாரி வந்து நிற்கிற இடத்துக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே எப்போதும் ஓர் உடம்பு மிச்சம் இருக்கிறது.

பொதி கட்டக் கற்றுக்கொடுப்பது விலங்கை வதைக்கத்தானே வழிவிடும் என்பது இன்னும் கனமான மறுப்பு. கேதார்நாத் பாதையில் 2022 யாத்திரைக் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செத்தன. அளவுக்கு மீறிய சுமையும், ஓய்வும் தண்ணீரும் இல்லாத நடையும் காரணமாகச் சொல்லப்பட்டன. அதை மறந்துவிட்டு இந்தப் பேச்சைப் பேசக் கூடாது. ஆனால் அங்கே நடப்பது என்ன என்று யோசியுங்கள். பயணி காசைக் கொடுத்துவிட்டு ஏறி உட்காருகிறார். அந்த விலங்கு காலையில் தண்ணீர் குடித்ததா, இது எத்தனையாவது நடை என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் வழியும் இல்லை. தன் கையால் எடை போட்டு, தன் கையால் சேணத்தை அவிழ்த்து, முதுகில் புண் இருக்கிறதா என்று ஒரே ஒரு முறை தடவிப் பார்த்தவர் அடுத்த முறை அப்படி ஏற மாட்டார். கற்றுக்கொடுக்கும் முகாம் வாடகைக் குதிரைத் தொழிலுக்கு எதிரான பாடம்.

லாமாவை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. குளிர்ந்த, வறண்ட மேட்டுநிலத்தில் வளர்ந்த கம்பளி விலங்கை நம் புழுக்கத்தில் நிறுத்துவது கொடுமை. உள்ளூர் மாட்டையோ கழுதையையோ அகத்தியமலைக் காட்டுக்குள் ஓட்டிச் செல்வதும் கூடாது. கோமாரி போன்ற நோய் வீட்டு மாட்டிலிருந்து காட்டு மாட்டுக்குத் தாவும். அங்கே அகத்தியர்கூடச் சிகரம் ஏறுகிறவர்கள் தங்கள் பையைத் தாங்களே சுமக்கட்டும். அதற்கு முன்னால் அதியன்னூர்ப் பக்கம் ஏதாவது ஒரு சந்தைத் திடலில், ஒரு சனி ஞாயிறு கூடினால் போதும். சும்மாடு சுற்ற மீன்கார அம்மாமார்களும், முதுகு வளையாமல் இருவர் சேர்ந்து தூக்கச் சுமட்டுத் தொழிலாளர்களும் கற்றுத்தரலாம், உரிய கூலியோடுதான். கால்நடை மருத்துவர் ஒருவர், சாதுவான காளை ஒன்று, கோணிப்பை இரண்டு, ஒரு தூக்குத் தராசு. வருகிறவர்கள் இரண்டு நாள் தங்கக் கொண்டுவந்த மூட்டையை முதலில் தராசில் தொங்கவிட வேண்டும். மலையேறும் பருவம் ஜனவரியில் தொடங்கும் என்பதால் டிசம்பரில் நடத்தினால் நல்லது; துலாமழையும் அதற்குள் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், திடலும் காய்ந்திருக்கும்.