மூன்று தலைமுறையும் ஒரு காடும்

(ஜபல்பூர்த் தமிழன்பர் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

இலக்கியம் பேசுதற்கு இம்மேடையில் அறிஞர் பலர் உளர். என்னை அழைத்த செயலாளர் அவர்கள், நம் இல்லங்களில் அடிக்கடி எழும் வினா ஒன்றை எடுத்துக்கொண்டு பேசுமாறு பணித்தார்கள். அவ்வினா இதுதான்: ஊரிலிருந்து தாய்தந்தையர் வந்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு விடுமுறை, கான்ஹாக் காட்டுக்குப் போகலாம் என்று வீடே துடிக்கிறது. முதியோரை உடன் அழைத்துச் செல்வதா, வீட்டில் இருத்திவிட்டுச் செல்வதா?

பெரும்பாலும் அம்முதியோரே இதற்கு விடை கூறிவிடுகின்றனர். "எங்களுக்கு எதற்கு அப்பா காடும் புலியும்? நீங்கள் போய் வாருங்கள்; நாங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்கிறோம்" என்பார்கள். மகனும் அதனை மெய்யென்று ஏற்றுக்கொள்கிறான். தம்மால் பிறர்க்குத் தொல்லை விளையுமோ என்னும் அச்சமே அச்சொற்களில் மறைந்து நிற்பது. ஆதலின் முதல் மறுப்பை முடிவாகக் கொள்ளற்க என்று வேண்டிக்கொள்கிறேன். மேலும், இங்குப் பிறந்து வளரும் நம் பேரக் குழந்தைகள் பலர்க்கு இந்தி ஓடுகிறது, ஆங்கிலம் ஓடுகிறது, தமிழ் மட்டும் தடுக்குகிறது. பாட்டியோ இந்தி அறியார். வீட்டிலே தொலைக்காட்சியும் கைபேசியும் இவ்விருவரையும் பிரித்து வைக்கின்றன. திறந்த வண்டியிலே நான்கு மணி நேரம் தோளோடு தோள் உரச அமர்ந்திருக்கும்பொழுது, "பாட்டி, அதோ மான்!" என்று சொல்லத்தான் வேண்டும்; சொல்லுவதற்குத் தமிழ்தான் வேண்டும்.

கான்ஹா நம் ஊரிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். மண்ட்லா, பாலாகாட் மாவட்டங்களில் பரந்து கிடப்பது. 1955-இல் தேசியப் பூங்காவாயிற்று; 1973-இல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபொழுது முதலில் சேர்க்கப்பட்ட ஒன்பது காடுகளுள் ஒன்று. 'கான்' என்றால் காடு என்று நம்மவர் மகிழ்வது உண்டு. ஆயினும் அங்குள்ள களிமண்ணைக் குறிக்கும் 'கன்ஹார்' என்னும் சொல்லினின்றே அப்பெயர் வந்தது என்பர். மொழி உறவு வேண்டுவோர் அங்கு வாழும் கோண்டு மக்களிடம் கேட்கலாம். அவர்தம் கோண்டி மொழி நம் மொழியின் உடன்பிறப்பு. கண்ணும் கையும் அவர்க்கும் கண்ணும் கையுமே.

இனி, போகும் காலம். சூலை முதல் செப்டம்பர் முடியக் காடு மூடியிருக்கும். புலியைக் காண வேண்டின் கோடையே நன்று. நீர்நிலைகள் வற்ற, விலங்குகள் எஞ்சிய நீரை நாடி வரும். ஆயின் அவ்வெயில் எழுபது வயதுக்கு ஆகாது. டிசம்பர், சனவரித் திங்கள்களில் பள்ளி விடுமுறை உண்டு. அப்பொழுதோ புல்வெளியில் பனி உறைகின்ற விடியல்களும் உண்டு. கூரையில்லா வண்டி ஓடும்பொழுது வீசும் காற்று, தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் வாழ்ந்த உடம்பை நடுக்கிவிடும். மார்ச்சில் தேர்வு. ஆகவே தீபாவளி கழிந்த நவம்பர் முதற் பகுதியோ, பிப்ரவரி நடுப்பகுதியோ ஏற்றது என்பது என் கருத்து. நவம்பரில் புல் உயர்ந்து நிற்றலால் புலி எளிதில் புலப்படாது. அதனால் குறையொன்றும் இல்லை. காலத்தை வகுக்க வேண்டுவது வீட்டில் மூத்தவரின் உடல்நிலையே, புலியன்று.

வண்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இடர்ப்பாடு பெரிதும் அங்குத்தான். ஜிப்சி எனப்படும் அவ்வண்டியில் பயணிகள் அறுவர் அமரலாம். வழிகாட்டியும் ஓட்டுநரும் தனி. படி உயரமானது, முழங்கால் வலியுள்ள அம்மையார்க்கு ஏறுவது மலையேற்றம் போல. தங்கும் விடுதியிலிருந்து ஒரு முக்காலியைக் கேட்டு வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பின்வரிசை சக்கரத்தின்மேல் அமைவதால் குலுக்கல் மிகுதி; அது இளைஞர்க்கு உரியது. ஓட்டுநர்க்கு அடுத்த பின்னிருக்கையைப் பெரியவர்க்குக் கொடுங்கள். இடுப்புக்கு ஒரு தலையணை, காதுக்குக் கம்பளிக் குல்லாய்.

காட்டினுள் நினைத்த இடத்தில் இறங்க இயலாது. குறித்த ஓய்விடத்தில் மட்டுமே இறங்கலாம், கழிப்பிடமும் அங்குத்தான். இதனை மேடையில் சொல்ல நாணுவோர் உண்டு. ஆனால் முதியோர் பலர் "வரவில்லை" என்பதற்கு உண்மைக் காரணம் இதுவே. அதற்கஞ்சி முதல் நாளிலிருந்தே நீர் அருந்தாதிருப்பதும் தீங்கு. இரத்த அழுத்தத்திற்குச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்போர், அன்று காலை அதனை எப்பொழுது உண்பது என்று மருத்துவரை முன்கூட்டியே கேட்டு வைத்தல் வேண்டும். நெஞ்சு நோயுடையார் மருந்துகள் பெட்டியின் அடியில் இருத்தல் ஆகாது. மகனின் சட்டைப் பையில் இருத்தல் வேண்டும். மாவட்ட மருத்துவமனை மண்ட்லாவில் உள்ளது. காட்டின் வாயிலிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் ஆகும் என்பதை மறவற்க.

இரண்டு நாளில் நான்கு முறை காட்டுக்குள் ஓட வேண்டும் என்னும் பேராசையை விடுங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு காலை. பின் விரும்பும் இளையோர் மட்டும் மற்றொன்று. புதன்கிழமை மாலையில் உலா இல்லை என்பதனையும் பார்த்து நாள் குறியுங்கள். நுழைவுச் சீட்டைப் பல வாரம் முன்னதாகவே கணினி வழிப் பதிய வேண்டும். பதிந்த அடையாள அட்டையை வாயிலிலும் காட்ட வேண்டும். தாத்தாவின் அட்டை ஊரில் பீரோவில் உறங்கினால் தாத்தாவும் வாயிலில் நிற்க நேரும்!

காணத்தக்கது புலி மட்டுமன்று. அங்குள்ள பாரசிங்கா என்னும் மான், கிளைத்த பெருங்கொம்புடையது. சதுப்பை நாடும் தன் இனத்தாரைப் போலன்றித் திண்ணிய நிலத்தில் வாழப் பழகியது. 1970-இல் அவ்வகையில் 66 மட்டுமே எஞ்சின. வேலியிட்டுக் காத்தும், புல்வெளிகளை விரித்தும் வளர்த்தமையால் இன்று பல நூறாய்ப் பெருகியுள்ளன. அப்புல்வெளிகள் பல முன்னாளில் ஊர்களாய் இருந்தவை; அங்கு வாழ்ந்த குடிகள் வெளியேற்றப்பட்டனர். சொந்த ஊரை விட்டு வந்த நாம் இதனையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

சிரவண் தால் என்றொரு குளம் உண்டு. கண்ணிழந்த பெற்றோரைக் காவடியில் சுமந்து வந்த மைந்தன், அவர்க்கு நீர் முகக்கையில் தயரதன் அம்பு பட்டு வீழ்ந்தது அக்குளக்கரையில்தான் என்பது அவ்வட்டாரத்து வழக்கு. தயரதன் இருந்த மேடு, மைந்தனை எரித்த இடம் என்று அடையாளங்களும் காட்டுவர். வழிகாட்டி அதனை இந்தியில் இரண்டு வரியில் முடித்துவிடுவார். அக்கதையைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள்; அவர் அறிந்தவாறு, தமிழில், நீட்டிச் சொல்லட்டும். அந்த அரைமணி நேரத்தில் அவர் சுமையாக வந்தவர் அல்லர். காட்டைப் பேரனுக்குக் காட்டுபவர்.

பெண்மக்கள் பொருட்டும் ஒரு சொல். குடும்பம் காட்டுக்குப் போயும் மருமகள் அடுப்படியில் நிற்பாளாயின் விடுமுறை யாருக்கு? முதல் நாளைக்குப் புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். பின்னர் விடுதியில் காரம் குறைத்த பருப்பும் சோறும் தயிரும் கேட்டால் செய்து தருவர். சமையற்காரரிடம் முன்னாளே சொல்லி வைத்தல் போதும். செலவையும் உடன்பிறந்தார் புறப்படுமுன்னரே பேசிப் பங்கிட்டுக்கொள்வது நலம்; திரும்பிய பின் எழும் கணக்கு, பயணத்தின் இனிமையைக் கெடுக்கும்.

மீண்டு வந்தவுடன் அன்றிரவே பெரியோரைச் சென்னை வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். ஒரு நாள் இங்கு இளைப்பாறட்டும். பேடாகாட்டில் நருமதை வீழும் இடத்திற்கு மாலையில் அழைத்துச் செல்லலாம். அங்குக் கம்பி ஊர்தியும் உண்டு. சீட்டுப் பதிவு செய்யும் முறை தெரியாதோர், விருந்து முடிந்தபின் நூலக அறைக்கு வருக; கணினியுடன் அங்கிருப்பேன்.